மூன்றரை வருட மீடியா சர்வர்: நகலெடுக்கும் வேகம் படுத்தபோதெல்லாம் நான் தேடிய இடங்கள்

பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, கோப்புகளை நெட்வொர்க்கில் பகிர சாம்பாவும் வீடியோ பார்க்க ஜெல்லிஃபினும் நிறுவி, மூன்றரை வருடமாக வீட்டு மீடியா சர்வராக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் இருப்பவை பெரும்பாலும் குடும்ப வீடியோக்கள். பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றியவை, கேமராவில் எடுத்தவை, கைப்பேசிகளிலிருந்து இறக்கியவை. போய்விட்டால் திரும்பக் கிடைக்காதவை. பார்ப்பதில் பெரிதாகத் தொல்லை வந்ததில்லை. தொல்லையெல்லாம் கோப்புகளை உள்ளே ஏற்றும்போதுதான். இதுவரை நான்கு தடவை வேகம் சரிந்திருக்கிறது, நான்கு தடவையும் காரணம் வேறு.

முதல் தடவை நடந்தது சர்வரை இன்னோர் அறைக்கு மாற்றிய வாரம். அதுவரை விநாடிக்கு 110 எம்பி வந்துகொண்டிருந்தது, திடீரென்று 11.5-இல் நின்றுவிட்டது. நான் செய்த முதல் வேலை சாம்பாவின் அமைப்புக் கோப்பைத் திறந்தது. நெட்வொர்க் இணைப்பின் பஃபர் அளவு போன்றவற்றைக் கையால் நிர்ணயிக்கும், எப்போதோ படித்த 'சாக்கெட் ஆப்ஷன்' வரிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு மாலைகள் அதிலேயே போயின. அந்த வரிகளை யாரும் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். இன்றைய லினக்ஸ், தரவு காத்திருக்கும் தற்காலிக இடமான பஃபரின் அளவைத் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. நாம் ஓர் எண்ணைப் போட்டுக் கட்டிவைத்தால் அந்த வேலை நின்றுபோகும்.

உண்மையில் அந்த 11.5 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. நகலெடுக்கும் சாளரம் காட்டுவது பைட், நெட்வொர்க்கின் வேகத்தைச் சொல்வது பிட்டில். ஒரு பைட் என்பது எட்டு பிட், எனவே 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5. நெறிமுறைகள் தரவோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் தகவல் போக மிஞ்சுவது 11, 12 எம்பி. அப்படியானால் கிகாபிட்டாக (1000 மெகாபிட்) இருக்க வேண்டிய இணைப்பு 100 மெகாபிட்டாகத்தான் ஏற்பட்டிருக்கிறது. இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைக் கொடுத்ததும் அதையே ஒரு வரியில் காட்டியது. காரணம் கேபிள். ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். கதவிடுக்கில் மாட்டி நசுங்கியதில் ஒரு ஜோடி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு குறைந்த வேகத்தில் எந்தப் பிழையும் காட்டாமல் அது ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பு அடியோடு அறுந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். கிகாபிட்டுக்கு ஏற்ற கேட் 5இ கேபிள் ஒன்றைப் போட்டதும் 110 திரும்பி வந்தது.

அதிலிருந்து வேகம் குறைந்தால் முதலில் நெட்வொர்க்கையும் டிஸ்கையும் பிரித்துத்தான் அளக்கிறேன். நெட்வொர்க்குக்கு ஐபெர்ஃப்3. சர்வரில் ஒரு பக்கமும் மடிக்கணினியில் மறுபக்கமும் ஓடவிட்டால், டிஸ்கைத் தொடாமலே கம்பியின் வேகத்தை மட்டும் சொல்லிவிடும். நல்ல கிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் அளவில் வரும். ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. திசையை மாற்றியும் ஓட்ட வேண்டும், சில பழுதுகள் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். டிஸ்குக்கு, சர்வருக்குள்ளேயே ஒரு பெரிய கோப்பை ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்து நேரம் பார்க்கலாம். அந்தக் கோப்பு ரேமைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். ஏனென்று அடுத்த கதையில் தெரியும்.

இரண்டாவது தடவைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. இடம் போதாமல் புதிதாக ஒரு ஹார்டு டிஸ்க் சேர்த்திருந்தேன். முதல் நாள் சோதித்தபோது 110 எம்பி. திருப்தியோடு, மொத்த வீடியோக்களையும் அதற்கு மாற்ற ஆரம்பித்தேன். ஒரு கட்டம்வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் 40, அப்புறம் 15, நடுநடுவே பூஜ்யம். சில நிமிடம் அப்படியே நிற்கும், மறுபடி கொஞ்சம் நகரும். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். ஐபெர்ஃப்3 மட்டும் 940 என்றே சொன்னது. ஆக, கம்பியில் குற்றமில்லை.

இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்று, லினக்ஸ் எழுத வந்த தரவை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் டிஸ்குக்கு அனுப்புகிறது. அதனால் ஆரம்பத்தில் தெரிவது டிஸ்கின் வேகமே அல்ல. நான் முதல் நாள் சோதித்தது ஒரு ஜிபி கோப்பை வைத்து. அது ரேமிலேயே அடங்கிவிட்டது. இரண்டாவது, அந்த டிஸ்க் எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டின் விளிம்பின்மேல் அடுத்த ஓடு படிந்திருப்பதுபோல, இந்த வகை டிஸ்கில் தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி படிந்திருக்கும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுதினால் பக்கத்துத் தடங்களும் அழியும் என்பதால், அந்தப் பகுதி முழுவதையும் படித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். இந்த வேலையை மறைக்க டிஸ்குக்குள்ளேயே ஒரு தற்காலிக இடம் உண்டு. தொடர்ந்து எழுதி அது நிரம்பியதும் வேகம் சரிகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் டிஸ்க் தன் வேலையை முடித்துக்கொண்டு பழைய வேகத்துக்குத் திரும்பும். அதனால்தான் மறுநாள் சோதிக்கும்போதெல்லாம் எல்லாம் நன்றாக இருந்தது!

வாங்கும்போது பெட்டியில் எஸ்எம்ஆர் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. 2020-இல் இது பெரிய சர்ச்சையானது, அதன் பிறகுதான் தயாரிப்பாளர்கள் எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் வெளியிட்டார்கள். டிஸ்க் வாங்கும் முன் மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். சர்வருக்கு வேண்டியது சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வகை. அதற்காக எஸ்எம்ஆர் டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதில் படிக்கும் வேகத்துக்குக் குறைவில்லை. ஒரு தடவை எழுதிப் பல தடவை பார்க்கும் வீடியோக்களை அதிலேயே வைத்திருக்கிறேன், இரண்டு வருடமாக நன்றாகவே ஓடுகிறது. அன்றாடம் எழுதுவதெல்லாம் சிஎம்ஆர் டிஸ்கில்.

மூன்றாவது சின்ன விஷயம். வெளி டிஸ்குக்கு பேக்கப் எடுக்கும்போது 38 எம்பியைத் தாண்டவில்லை. இந்த எண்ணைக் கண்டால் யுஎஸ்பி 2.0-ஐச் சந்தேகிக்கலாம். அதன் 480 மெகாபிட்டில் நடைமுறையில் 35, 40 எம்பிதான் கிடைக்கும். போர்ட்டை மாற்றியதும் சரியானது. ஆனால் வேகம் எழுபதைத் தாண்டவில்லை, பிராசஸரின் ஒரு கோர் முழுக்க நிரம்பியிருந்தது. டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருந்தது, அதைக் கையாண்டது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வெளியே ஓடும் பழைய டிரைவர். லினக்ஸ் 5.15 முதல் கெர்னலுக்குள்ளேயே வேறொரு டிரைவர் இருக்கிறது. நான் அந்த வழிக்குப் போகாமல் டிஸ்கை லினக்ஸின் சொந்த வடிவமான இஎக்ஸ்டி4-ஆக மாற்றிவிட்டேன். விண்டோஸில் நேரடியாகச் செருகிப் படிக்கும் தேவை எனக்கு இல்லை.

நான்காவது பயமுறுத்தியது. வேகம் நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று அரை நிமிடம் உறையும், பிறகு தொடரும். டிஸ்க் சாகப் போகிறது என்று நினைத்தேன். கேசட்டிலிருந்து மாற்றியவை எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு எதையும் தொடாமல் முதலில் பேக்கப் எடுத்து முடித்தேன். பிறகு டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். 5, 197 ஆகிய எண்களின் கீழ் வரும் பழுதான செக்டார்களின் கணக்கு இரண்டும் பூஜ்யம். 199-ஆவதான சிஆர்சி பிழைகள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தன. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில் தரவு கெட்டு, திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது என்று அதற்கு அர்த்தம். பெரும்பாலும் இவ்விரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணமாக இருக்கும். மாற்றினேன். அந்தக் கணக்கு பழைய எண்ணிலிருந்து இறங்காது, ஏறாமல் நின்றாலே போதும். நின்றது.

பழுதே இல்லாமலும் வேகம் குறையும். பல ஆயிரம் சின்னப் படங்களை அனுப்பினால் எவ்வளவு நல்ல இணைப்பிலும் வேகம் பாதாளத்துக்குப் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் திற, எழுது, மூடு என்று தனித்தனிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. நான் இப்போது படங்களை டார் என்ற ஒரே பெரிய கோப்பாகக் கட்டி அனுப்பி, அங்கே பிரிக்கிறேன். வைஃபை பற்றி ஒன்று மட்டும்: அனுப்பும் கணினியும் சர்வரும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது, வேகம் பாதியாகும். சர்வரையாவது கம்பியில் மாட்டுங்கள். டிவிக்கு மட்டும் நேர்மாறு. பல டிவிகளின் ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட்தான். 4கே ப்ளூரே தரத்தில் உச்சம் 128 மெகாபிட்வரை போகலாம். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கம்பியை முந்திவிடும்.

இப்போது சர்வரில் ஓர் உரைக் கோப்பு வைத்திருக்கிறேன். எல்லாம் நன்றாக ஓடும் நாளில் ஐபெர்ஃப்3 எவ்வளவு, ஒவ்வொரு டிஸ்கும் எவ்வளவு, 199-ஆவது எண் என்ன என்று தேதியோடு எழுதியது. 2.5 கிகாபிட்டுக்கு மாறலாமா என்று சென்ற மாதம் யோசித்தபோதும் அதைத்தான் திறந்தேன். என் சிஎம்ஆர் டிஸ்க் காலியாக இருந்தபோது 200 எம்பிக்கு மேல் எழுதியது, நிரம்ப நிரம்ப உள்தடங்களுக்குப் போய் இப்போது 120-க்கு வந்திருக்கிறது. கிகாபிட் கம்பியே 110 தருகிறது. மாற்றவில்லை.