ஆயுள் முழுக்க மாற்றித் தருவோம் என்ற ஸ்பானர் செட்: ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கும். என் ஒர்க் ஷாப்பில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு டூல் பெட்டியைத் திறந்தால் ஸ்பானர்கள் எல்லாம் துருவேறிக் கிடந்தன, நட்டின் மேல் கவிழ்த்து மாட்டுகிற சாக்கெட்டைத் திருப்பும் ராட்செட் கைப்பிடி இறுகிப்போய் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. வெளியே சேறு அப்பிய கார்கள் வரிசையாக நிற்கின்றன. வேலை குவிந்து கிடக்கிறது, கையில் சாமான் இல்லை.

2016 ஜனவரியில் கடன் வாங்கித்தான் புது செட் எடுத்தேன். பாரிமுனையில் பல வருடப் பழக்கத்தில் ஒரு டூல்ஸ் கடை உண்டு. கடைக்காரரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இரண்டு செட் எடுத்துப் போட்டார். ஒன்று சாதாரண விலை. இன்னொன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு, பெட்டி மேலேயே ‘லைஃப்டைம் வாரண்டி’ என்று அச்சடித்திருந்தது. “இது உடைஞ்சா என்கிட்ட கொண்டாங்க, எத்தனை வருஷம் ஆனாலும் மாத்தித் தர்றேன்” என்றார். அரை இஞ்ச் சாக்கெட் செட், காம்பினேஷன் ஸ்பானர் செட், 72 பல் ராட்செட், கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர் எல்லாம் சேர்த்து 14,800 ரூபாய். அன்றைய நிலைமையில் எனக்கு அது பெரிய தொகை. அந்த வாக்கை நம்பித்தான் கொடுத்தேன்.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானர்களில் எனக்குக் குறையே இல்லை. குரோம் வெனடியம் எஃகு, நல்ல பதம். எண்ணெய்க் கையோடு பிடித்தாலும் வழுக்காது. 10, 12, 14, 17, 19 இந்த ஐந்து நம்பர்தான் ஒரு கார் ஒர்க் ஷாப்பில் நாள் முழுக்கக் கையில் இருக்கும். மற்றதெல்லாம் பெட்டியில் தூங்கும். 10-ஆம் நம்பர் ஸ்பானரில் பேட்டரி டெர்மினல் மட்டுமே ஆயிரக்கணக்கில் கழற்றியிருப்பேன், இன்னும் வாய் விரியவில்லை. ஒன்பது வருடத்தில் மொத்தம் ஏழு சாமான்தான் போயிருக்கிறது. அதில் இரண்டு எங்கள் தவறு. 24-ஆம் நம்பர் ஸ்பானரில் பைப் சொருகி நெம்பினேன், வளைந்துவிட்டது. 19-ஆம் நம்பர் சாக்கெட்டைப் பையன் அடித்துத் திருப்புகிற மெஷினான இம்பாக்ட் கன்னில் மாட்டிவிட்டான், பிளந்துவிட்டது. கையால் திருப்புகிற குரோம் சாக்கெட் அந்த அடிக்கு ஆனதில்லை, அதற்குக் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் தனியாக உண்டு. தெறித்த துண்டு கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆவது என்று அவனை உட்கார வைத்துச் சொன்னேன். அந்த இரண்டையும் நான் வாரண்டிக்குக் கொண்டு போகவே இல்லை.

மீதி ஐந்தின் கதையைத்தான் எழுத வந்தேன்.

2017-ல் 14-ஆம் நம்பர் ஸ்பானரின் ரிங் பக்கம் விரிசல் விட்டது. சாதாரணமாக ஒரு போல்ட்டை இறுக்கும்போதே. பாரிமுனைக்குப் போனேன். பாய் வாங்கிப் பார்த்தார், விரிசலை நகத்தால் தடவினார், அலமாரியிலிருந்து புதுசு எடுத்துக் கொடுத்தார். பில் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். 2019-ல் ராட்செட் பல் நழுவ ஆரம்பித்தது. அதையும் அங்கேயே பின்பக்கம் கழற்றி, உள்ளே இருக்கிற லாக்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, கிரீஸ் வைத்துக் கொடுத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு அனுபவத்துக்குப் பிறகு என்னைக் கேட்ட மெக்கானிக் எல்லோரிடமும் இந்த பிராண்டையே வாங்கச் சொன்னேன். குறைந்தது நான்கு பேர் என் பேச்சைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

2021-க்கு அப்புறம் எல்லாம் மாறிப்போனது. டிஸ்ட்ரிபியூட்டர் மாறினார். கடையில் கொடுத்து மாற்றுகிற வழக்கத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டது. இனி வாடிக்கையாளர் நேராகக் கம்பெனிக்குப் போட்டோ அனுப்ப வேண்டும், அவர்கள் பார்த்து நம்பர் தருவார்கள், பிறகு கூரியரில் அனுப்ப வேண்டும். பாய் கையை விரித்தார். “நான் என் கையிலிருந்து குடுத்தா எனக்கு யார் தருவா, சொல்லுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2022 ஜூனில் 17-ஆம் நம்பர் சாக்கெட் பிளந்தது. போட்டோ அனுப்பினேன். பில் கேட்டார்கள். பில்லைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், ஆனால் எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள். தெர்மல் பேப்பரில் அடித்த பில் சூட்டில் மங்கிவிடும். தகரக் கூரை போட்ட ஒர்க் ஷாப்பில் ஆறு வருடம் எப்படித் தாங்கும்? ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று சொல்லி விற்கிறார்கள், அதற்கு ஆதாரமாகக் கேட்கிற பில்லோ சில வருடத்தில் அழிந்துபோகிற காகிதம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் வருகிறது. நல்லவேளையாக பாயின் கடையில் பழைய கணக்கு இருந்தது. அதிலிருந்து ஒரு நகல் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அப்புறம் சாமான் மேல் இருக்கிற பேட்ச் நம்பரைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். தினமும் கையில் புரளுகிற சாக்கெட்டில் அந்த எழுத்து பாதி தேய்ந்திருந்தது. சாக்பீஸ் தூளைத் தடவி, வெயிலில் சாய்த்துப் பிடித்து நான்காவது படத்தில்தான் ஒத்துக்கொண்டார்கள்.

கூரியருக்கு 130 ரூபாய் என் செலவு. அந்த சாக்கெட்டைத் தனியாக வாங்கினால் 190 ரூபாய். புதுசு வந்து சேர 47 நாள். 17 இல்லாமல் எந்த மெக்கானிக் 47 நாள் உட்கார்ந்திருப்பான்? உடைந்த அன்று சாயங்காலமே இன்னொன்று வாங்கிவிட்டேன். இதுதான் இந்த வாரண்டியின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். கையால் வேலை செய்கிறவனுக்கு மாற்றுச் சாமான் அன்றைக்கே வேண்டும். கம்பெனி இரும்புக்குப் பதில் இரும்பு கொடுத்துவிட்டுக் கணக்கு தீர்ந்தது என்கிறது. என் நேரமும், கூரியர் காசும், நடுவில் நான் வாங்கிய சாமானும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. வந்த சாக்கெட்டும் பழைய மாதிரி இல்லை. என்னுடையது ஆறு முனை, வந்தது பன்னிரண்டு முனை. ஆறு முனை நட்டின் தட்டையான பக்கத்தைப் பிடிக்கும். பன்னிரண்டு முனை மூலைக்குப் பக்கத்தில் பிடிக்கும், துருப்பிடித்த நட்டாக இருந்தால் மூலை மழுங்கிப்போகும். கேட்டதற்கு, இரண்டும் ஒரே அளவுதானே என்றார்கள்.

அடுத்தது ராட்செட். இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 2023-ல் மறுபடி பல் நழுவியது. 2019-ல் பாய் போட்ட மாதிரி லாக்கும் ஸ்பிரிங்கும் அடங்கிய ரிப்பேர் கிட் மட்டும் அனுப்புங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கிட் இப்போது கொடுப்பதில்லை, முழு ராட்செட்டையும் அனுப்புங்கள் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி வந்தது. அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, இது அதற்கு இணையானது என்று உள்ளே ஒரு சீட்டு. எண்ணிப் பார்த்தேன், 45 பல்.

வெளியாட்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம், அதனால் விளக்கிச் சொல்கிறேன். 72 பல் இருந்தால் 5 டிகிரி அசைத்தாலே அடுத்த பல்லில் விழும். 45 பல்லுக்கு 8 டிகிரி வேண்டும். திறந்த இடத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆல்டர்னேட்டருக்குக் கீழே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னால், கை நுழையவே இடமில்லாத சந்தில் கைப்பிடிக்குக் கிடைக்கிற அசைவே ஆறேழு டிகிரிதான் என்றால், 72 பல் வேலை செய்யும், 45 பல் செய்யாது. நான் அதிக விலை கொடுத்தது அந்த 72 பல்லுக்குத்தான். புகார் எழுதினேன். இணையான மாடலை முடிவு செய்யும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்று விதிமுறையில் இருக்கிறதாம். படித்துப் பார்த்தேன், இருக்கிறது, பொடி எழுத்தில்.

அப்போதுதான் மற்ற விதிமுறைகளையும் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். ‘லைஃப்டைம்’ என்றால் வாங்கியவரின் ஆயுள் இல்லை, அந்தச் சாமானின் ‘இயல்பான பயன்பாட்டு ஆயுள்’. அது எத்தனை வருடம் என்று எங்கும் எழுதவில்லை. அமெரிக்காவில் விளம்பரத்தில் லைஃப்டைம் என்று போட்டால் அது எதனுடைய ஆயுள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என எஃப்.டி.சி. என்கிற அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழிகாட்டுதலே வைத்திருக்கிறது. வாங்குகிறவனுக்கு இங்கேயும் அந்தத் தெளிவு கிடைக்க வேண்டும். அந்த நாட்டில் சியர்ஸ் கடைகள் 1927-லிருந்து விற்ற கிராஃப்ட்ஸ்மேன் கைக்கருவிகளுக்கு, உடைந்ததைக் கடையில் கொடுத்தால் பில் இல்லாமலே புதுசு தருவார்கள் என்று பெரிய பெயர் இருந்தது. 2017-ல் அந்த கிராஃப்ட்ஸ்மேன் பிராண்டை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது, 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் நோட்டீஸ் கொடுத்தது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்த நிலைமை. ஸ்பானர் நம்மிடம் நன்றாகவே இருக்கும், அதை மாற்றிக் கொடுக்கிற கவுண்டர் அவ்வளவு நாள் இருக்குமா என்பதுதான் கேள்வி. என் விஷயத்தில் கடை இருக்கிறது, பாய் இருக்கிறார், கவுண்டர் மட்டும் போய்விட்டது.

போல்ட்டை அளந்து இறுக்குகிற டார்க் ரென்ச் இந்த வாரண்டியில் சேராது. அது நியாயம். உள்ளே ஸ்பிரிங் தளரும், 5,000 தடவை அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டிய சாமான் அது. அதற்கு ஆயுள் உத்தரவாதம் யாரும் தர முடியாது. ஆனால் பிளேயர்?

ஐந்தாவது அதுதான். 2024-ல் கட்டிங் பிளேயரின் ரிவெட் தளர்ந்து இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று விலகிப்போனது. வெட்டுகிற முனையில் ஒரு பள்ளம்கூட இல்லை. தேய்மானம் என்று நிராகரித்துவிட்டார்கள். ரிவெட் தளர்வது தயாரிப்புக் கோளாறு என்று படத்தோடு மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் ஒரே பதில், எழுத்து மாறாமல். கடைசியில் 1915-க்குப் போன் செய்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். புகார் பதிவான பன்னிரண்டாவது நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, விதிவிலக்காக மாற்றித் தருகிறோம் என்றார். விதிவிலக்கு என்ற அந்த வார்த்தை எனக்கு உறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய உரிமையைத்தானே கேட்டேன்.

அதிலும் ஒத்துவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, பிரச்சினை வந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 400 ரூபாய் பிளேயருக்காக ஒர்க் ஷாப்பைச் சாத்திவிட்டு யார் அலைவார்கள் என்பதும் உண்மைதான். அப்படி யாரும் வரமாட்டார்கள் என்பதைக் கம்பெனிகளும் அறிந்தே வைத்திருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, இதே செட்டை இன்று வாங்கலாமா என்று கேட்டால், ஸ்பானரையும் சாக்கெட்டையும் அதன் எஃகுக்காகத் தாராளமாக வாங்கலாம், வாரண்டிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ராட்செட் வாங்கும்போது ரிப்பேர் கிட் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். விற்றால் அன்றைக்கே ஒன்று சேர்த்து வாங்கி வையுங்கள். உடைந்தால் இதே கடையில் மாற்றுவீர்களா, கூரியர் செலவு யாருடையது என்று கேட்டு, பதிலைப் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். அந்தப் பில்லை வீட்டுக்குப் போகும் முன்னாலேயே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பேட்ச் நம்பர் புதுசாக இருக்கும்போதே ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள். நான் இப்போது எது வாங்கினாலும் இதைச் செய்கிறேன்.

போன மாதம் வேறு வேலையாகப் பாரிமுனை போனபோது பாயிடம் அந்த 72 பல் ராட்செட் பற்றிக் கேட்டேன். பரணில் தேடி, தூசி படிந்த பெட்டியில் பழைய ஸ்டாக் ஒன்றை இறக்கினார். பழைய விலையே போட்டார். இப்போது என் கையில் இருப்பது அதுதான். கம்பெனி அனுப்பிய 45 பல் ராட்செட் சுவரில் ஆணியில் தொங்குகிறது, டயர் கழற்றப் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள்.