லைஃப்360: கூடத்து டெலிபோன் பார்த்த வேலையை இது பார்க்குமா?

'ஒருவரோடு தனியாக வெளியே போகப்போகிறேன்' என்று டீன் ஏஜ் பிள்ளை முதன்முதலாகச் சொன்னால், பல வீடுகளில் அன்று இரவே ஏதாவது ஒரு லொகேஷன் ஆப் போனில் ஏறிவிடுகிறது. அந்த வரிசையில் அதிகம் அடிபடும் பெயர், வீட்டார் ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவர் போனில் வரைபடத்தில் காட்டும் லைஃப்360. வண்டியின் வேகம், விபத்து எச்சரிக்கை என்று இதில் நிறைய உண்டு. அதெல்லாம் இங்கே வேண்டாம். டேட்டிங் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டும் பார்ப்போம்.

முன்பு அந்த வேலையைப் பார்த்தது கூடத்து லேண்ட்லைன். மணி அடித்தால் எடுப்பது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான். கூப்பிட்டவர் பெயர் சொல்லியாக வேண்டும். வயர் எட்டும் தூரம் வரைதான் தனிமை. கிளம்பும்போது வாசலில் மூன்று கேள்வி: யாரோடு, எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவாய்? பதிலைச் சரிபார்க்க வழியில்லை, பொய்க்குத் தாராளமாக இடம் இருந்தது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும், ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். கைபேசி வந்ததும் 'யாரோடு' என்பது வீட்டின் காதுக்கு எட்டாமல் போயிற்று. லைஃப்360 'எங்கே' என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறது. அந்த ஒன்று கிடைத்துவிட்டதாலேயே மற்ற இரண்டையும் கேட்காமல் விட்டுவிடுவதுதான் இந்த ஆப்பின் பெரிய ஆபத்து.

அமைப்பது எளிது. பெரியவர் ஒரு 'சர்க்கிள்' (குடும்பக் குழு) தொடங்கி, அதன் ஆறு எழுத்துக் குறியீட்டைப் பிள்ளையின் போனில் போட்டால் போதும். வம்பு அனுமதிகளில் இருக்கிறது. லொகேஷன் 'எப்போதும்' என்று இருக்க வேண்டும். 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று விட்டால், போன் பைக்குள் போன கொஞ்ச நேரத்தில் இடம் உறைந்து நின்றுவிடும். 'துல்லியமான லொகேஷன்' தனியாக ஒரு ஸ்விட்ச், அதையும் பார்க்கவும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பிலிருந்து இந்த ஆப்புக்கு விலக்கு கொடுக்க வேண்டும், ஐபோனில் பேக்கிரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ் இயங்க வேண்டும். வேண்டுமென்றே அணைத்துவிட்டாள் என்று கொதிப்பதற்கு முன் இந்த நான்கையும் சரிபாருங்கள்.

இலவசத் திட்டத்தில் ஓரிரு இடங்களுக்கு 'வந்தாயிற்று, கிளம்பியாயிற்று' அறிவிப்பு வைக்கலாம். அதை நிமிடக் கணக்கில் நம்பக் கூடாது. இடத்தைச் சுற்றிப் போடும் இதுபோன்ற கற்பனை எல்லைக்கோடுகளுக்கு ஆண்ட்ராய்டின் தொழில்நுட்பக் குறிப்பே குறைந்தது 100 முதல் 150 மீட்டர் ஆரம் வைக்கச் சொல்கிறது. போன் வெகுநேரம் ஒரே இடத்தில் கிடந்திருந்தால் தகவல் 6 நிமிடம் வரை தாமதமாகலாம் என்றும் சொல்கிறது. வைஃபை அணைந்திருந்தால் துல்லியம் இன்னும் கெடும். தியேட்டருக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் படம் வரைபடத்தில் பக்கத்துத் தெருவுக்குத் தாவித் திரும்பி வருவது இதனால்தான். அந்தத் தாவலை வைத்துக் குறுக்கு விசாரணை தொடங்கினால், அடுத்த முறை போன் தோழியின் வீட்டு மேசையில் கிடக்கும். பிள்ளை மட்டும் வெளியே போகும். ஆப் பின்தொடர்வது போனைத்தானே! ஏமாற்றியதைவிட மோசமான விஷயம், சங்கடமான இரவில் வீட்டைக் கூப்பிடக் கையில் ஒன்றுமில்லாமல் போவது.

இந்த ஆப்பில் உருப்படியான விஷயம் 2020இல் வந்த 'பபுள்'. இளைஞர்கள் ஆப்புக்கு ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளிய பிறகு நிறுவனம் கொண்டுவந்தது. சரியான புள்ளிக்குப் பதில் 1 முதல் 25 மைல் ஆரமுள்ள வட்டம் மட்டும் வீட்டாருக்குத் தெரியும், குறிப்பிட்ட நேரம் வரை. கவலை வந்தால் பெற்றோர் வட்டத்தை உடைக்கலாம். உடைத்தது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கடைசி அம்சம்தான் நல்ல வடிவமைப்பு. ஒட்டுக்கேட்டால் எதிராளிக்குத் தெரியாத லேண்ட்லைனைவிட இது நேர்மையானது.

பிள்ளைகள் தரப்பையும் கேட்க வேண்டும். 2018இல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 37 பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்களுக்குச் சிறுவர்களும் இளைஞர்களும் எழுதிய 736 விமர்சனங்களைப் படித்தார்கள். பெரும்பாலானவை மிகக் குறைந்த மதிப்பெண். பெற்றோர் உறவையே கெடுக்கிறது என்பது அடிக்கடி வந்த புகார். அதற்கும் முன்பு, 2000இல், ஸ்வீடனில் ஸ்டாட்டினும் கெர்ரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராகச் சொன்னது: பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி கண்காணிப்பால் கிடைத்ததல்ல, பிள்ளை தானாகச் சொன்னது. ஸ்மார்ட்போனுக்கு முந்தைய காலத்து முடிவு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆகவே எங்கள் சிபாரிசு: போகும் பாதைக்கு வேண்டாம், திரும்பும் பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு ஒன்றே ஒன்று போதும்: வீடு. ஆரத்தை 150 மீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். சொன்ன நேரம் வரை பபுள் போட்டுக்கொள்ள அனுமதியுங்கள். தாண்டி 20 நிமிடம் ஆனால் முதலில் மெசேஜ், பிறகு கால், அதற்குப் பிறகுதான் வட்டத்தை உடைப்பது. இந்த வரிசையைக் கிளம்பும் நேரத்தில் வாசலில் வைத்துப் பேசாமல், முந்தின நாளே பேசி வையுங்கள். பெற்றோரின் இருப்பிடமும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஒருவழிப் பாதையாக வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஐந்துக்கு மூன்று. ஒன்றைக் குறைத்தது, மேலே சொன்ன தாவல்களுக்காக. இன்னொன்று, பயனர்களின் இருப்பிடத் தகவலைத் தரவு வணிகர்களுக்கு நிறுவனம் விற்று வந்தது 2021 டிசம்பரில் செய்தியானதற்காக. துல்லியமான தகவல் விற்பனையைப் பெருமளவு நிறுத்துவதாக 2022இல் அறிவித்தார்கள். ஆப்பைக் கைவிடும்போது போனிலிருந்து நீக்கினால் மட்டும் கணக்கு போய்விடாது. செட்டிங்ஸில் கணக்கை அழித்துவிட்டு, அதன்பின் ஆப்பை நீக்குங்கள்.