கார் சீட் தொழில்: விற்றுக்கொண்டே வந்த அடியன்ட், வாங்கிக்கொண்டே வந்த லியர்

கார் யாருடையதாக இருந்தாலும், அதன் சீட்டைச் செய்தது பெரும்பாலும் வேறொரு கம்பெனிதான். அடியன்ட், லியர், ஃபோர்வியா, டொயோட்டா போஷோகு, மேக்னா என ஒரு சில பெயர்கள் இந்தத் தொழிலின் பெரும்பகுதியை உலக அளவில் கையில் வைத்திருக்கின்றன. சீட்டில் அவர்கள் பெயர் அச்சாவதில்லை என்பதால் கார் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இதில் அடியன்டையும் லியரையும் ஒப்பிடுவதுதான் எனக்குச் சுவாரசியம். இரண்டும் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து இயங்குகின்றன, ஒரே வகை வாடிக்கையாளர்களுக்காக மோதிக்கொள்கின்றன. ஆனால் போன பாதை நேர் எதிர்.

அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் 1985-இல் ஹூவர் யுனிவர்சல் என்ற கம்பெனியை வாங்கி சீட் தொழிலுக்குள் வந்தது. 2016 அக்டோபரில் அந்தத் தொழிலை அடியன்ட் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. சீட்டையே பிரதானமாகக் கொண்ட நிறுவனம், ரேஸ் சீட்டுக்குப் பேர்போன ரெகாரோ, சீனாவில் யான்ஃபெங்குடன் பெரிய கூட்டு நிறுவனம் என்று தொடக்கம் அமர்க்களமாகத்தான் இருந்தது. இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. 2018 நிதியாண்டில் ஏறக்குறைய 170 கோடி டாலர் நட்டம். சீட்டின் இரும்புச் சட்டமும் நகரும் பாகங்களும் செய்யும் பிரிவுதான் முக்கியத் தலைவலி. அப்புறம் தொடங்கியது விற்பனைப் படலம். 2020-இல் ரெகாரோவின் கார் சீட் தொழிலும் துணிப் பிரிவும் போயின. 2021-இல் யான்ஃபெங்குடனான முக்கியக் கூட்டு நிறுவனத்தின் பங்கும் கூட்டாளியிடமே போனது.

லியர் பழைய கை. 1917-இல் டெட்ராய்ட்டில் அமெரிக்கன் மெட்டல் புராடக்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2009 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், நவம்பரிலேயே வெளியே வந்தது. அதற்குப் பிறகு வாங்கியவற்றைப் பாருங்கள். 2012-இல் துணி செய்யும் கில்ஃபோர்ட் மில்ஸ், 2015-இல் தோல் செய்யும் ஈகிள் ஒட்டாவா, 2022-இல் காங்ஸ்பெர்கின் சீட் வசதிப் பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவில் சூடாக்கி, காற்றோட்டம், மசாஜ், இடுப்புத் தாங்கல் எல்லாம் அடக்கம். 2023-இல் சூடாக்கி செய்யும் ஐஜிபியும் சேர்ந்தது. அடியன்ட் துணியை விற்றபோது லியர் துணி, தோல் இரண்டையும் கையில் வைத்திருந்தது.

யார் கணக்கு சரி? அதற்கு சீட்டில் காசு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரும்புச் சட்டம், அடியில் சறுக்கும் ரெயில், முதுகைச் சாய்க்கும் ரெக்லைனர், அச்சில் வார்த்த ஃபோம், வெட்டித் தைத்த கவர், ஏர்பேக், மோட்டார், வயரிங் எல்லாம் கூடியதுதான் ஒரு சீட். இவற்றைக் கோக்கும் ஆலை பெரும்பாலும் கார் ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். லைனில் அடுத்து எந்த கார், என்ன நிறம், எந்த வகை என்ற தகவல் வந்த சில மணி நேரத்தில் சீட் அதே வரிசையில் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் கார் லைனே நிற்கும். இவ்வளவு பதற்றமான வேலைக்கு லாபம் மெலிதுதான். ஏனென்றால் பல பாகங்களை யாரிடம், என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று கார் கம்பெனியே சொல்லிவிடும். துணியை நாமே கொடுத்து, தையல்காரருக்குக் கூலி மட்டும் தருகிற கதை. பாகத்தையும் தானே செய்கிறவருக்குத்தான் கூலிக்கு மேல் ஏதாவது மிஞ்சும்.

அதனால் என் ஓட்டு லியருக்கு. சூடாக்கியையும் காற்றோட்டத்தையும் கவரோடு சேர்த்தே அமைக்கும் லியரின் கம்ஃபர்ட்மேக்ஸ் சீட்டை, கவரும் சூடாக்கியும் ஒரே கூரையில் இல்லாத நிறுவனம் யோசிப்பதே கடினம். இதற்கும் ஒரு ஆனால் உண்டு. கார் கம்பெனி வேறொருவரின் சூடாக்கியைத்தான் போட வேண்டும் என்றால், வாங்கிப்போட்ட ஆலை சும்மா கிடக்கும்.

அளவு? 2023-இல் லியரின் சீட் பிரிவின் விற்பனை சுமார் 1,750 கோடி டாலர், அடியன்ட் அதே நிதியாண்டில் சுமார் 1,540 கோடி டாலர். ஆனால் விற்பனை இந்தக் கணக்கில் சேராத கூட்டு நிறுவனங்கள் அடியன்டுக்கு இன்னும் உண்டு என்பதால், இந்த வித்தியாசத்தை வைத்துப் பெரியவர் யார் என்று சண்டை போட வேண்டாம். பாதுகாப்பை வைத்தும் இவர்களைப் பிரிக்க முடியாது. ஒரு சந்தையில் விற்றால் எல்லோருக்கும் ஒரே விதிதான்.

மற்றவர்களில் இருவரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சுக் கம்பெனிகளான பெர்ட்ராண்ட் ஃபோரும் எசியாவும் 1997-இல் இணைந்து உருவான ஃபோரேசியா, 2022-இல் கார் விளக்குக்குப் பேர்போன ஜெர்மன் நிறுவனமான ஹெல்லாவை வாங்கி ஃபோர்வியா ஆனது. சீட்டின் இரும்புச் சட்டத்திலும் நகரும் பாகங்களிலும் கெட்டிக்காரர்கள், ஆனால் ஹெல்லாவுக்காக ஏறிய கடன் கழுத்தில் இருக்கிறது. டொயோட்டா போஷோகுவின் வேர் 1918-இல் சாகிச்சி டொயோடா தொடங்கிய நூற்பாலை. விற்பனையில் பெரும்பங்கு டொயோட்டா குழுமத்துக்கே போகிறது. ஆர்டருக்கு அலைய வேண்டாம், விலையில் முறைக்கவும் முடியாது.

அடியன்ட் விஷயத்தில் எனக்கு உறுத்துவது ரெகாரோ போனது அல்ல, யான்ஃபெங் போனதுதான். கடனைக் குறைக்க அந்தப் பணம் தேவைப்பட்டது, சரி. ஆனால் நேற்றுவரை கூட்டாளியாக இருந்த யான்ஃபெங் இன்று அந்தத் தொழில் முழுவதையும் வைத்துக்கொண்டு, அதே கார் கம்பெனிகளிடம் அடியன்டுக்கு எதிராக விலை சொல்லி நிற்கிறது.