அடிக்குறிப்பில் வரும் ‘கிளெர்.’ யார்? செர்ல் தெசாரஸ் எவ்வளவு உதவும்?

பழைய விளக்கவுரையை வைத்துப் பிரசங்கம் தயாரிக்கிற போதகர்களுக்கும், நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இறையியல் படிக்கிற பிள்ளைகளுக்கும் அடிக்குறிப்புதான் பெரிய தலைவலி. ஜான் கில்லின் வேதாகம விளக்கவுரையையோ கைல்–டெலிச் இருவரின் பழைய ஏற்பாட்டு விளக்கவுரையையோ திறந்தால் பொடி எழுத்தில் ‘கிளெர்.’, ‘ட்ரூஸ்.’, ‘மிக்.’ என்று பெயர்கள் நிற்கும். ஆள் யாரென்று பிடிபடாவிட்டால் அவர் கருத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்றும் தெரியாது.

இதற்குக் கைகொடுப்பது செர்ல் தெசாரஸ் (CERL Thesaurus) என்ற இணையதளம். ஐரோப்பிய ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது, கட்டணம் இல்லை. 1450 முதல் ஏறக்குறைய 1850 வரை அச்சான நூல்களோடு தொடர்புடைய ஆட்கள், ஊர்கள், அச்சகத்தார் ஆகியோரின் பெயர்களை அவற்றின் பல வடிவங்களோடு சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பல வடிவங்கள்தான் இதன் உயிர். அக்காலத்துப் பண்டிதர்கள் சொந்தப் பெயரையே லத்தீனுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஃபிஷர் என்றால் மீன்பிடிப்பவர்; அவரே ‘பிஸ்காட்டர்’ (1546–1625) ஆனார். ஃபான் டென் ட்ரீஷ ‘ட்ரூஸியுஸ்’ (1550–1616) ஆனார். ழான் லெ கிளெர் (1657–1736) ‘கிளெரிக்குஸ்’ ஆனார்; ‘கிளெர்.’ இவர்தான்.

தேடுவதில் முதல் தவறு வேற்றுமை உருபில் நடக்கிறது. குறிப்பில் ‘அபுட் கிளெரிக்கும்’ (கிளெரிக்குஸின் நூலில்) என்று இருக்கும். ‘கிளெரிக்கும்’ என்றே போட்டால் ஆள் அகப்படாமல் போகலாம். அது இரண்டாம் வேற்றுமை. எழுவாயாக்கி ‘கிளெரிக்குஸ்’ என்று போட வேண்டும். அதேபோல் ‘க்ரோட்டியி’ க்ரோட்டியுஸ், ‘பிஸ்காட்டோரே’ பிஸ்காட்டர். சுருக்கத்தை அப்படியே கொடுப்பதிலும் பயனில்லை. நூலின் முன்பக்கத்தில் சுருக்கப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு அச்சில் நீண்ட ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலத் தெரியும். ஸ்கேனிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

ஒரே பெயரில் பலர் வந்தால் தளம் முடிவு சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். விளக்கவுரை அச்சான ஆண்டுக்குப் பிறகு எழுதியவர்களை முதலில் தள்ளுங்கள். மீதிப் பேரில் அந்த வேதாகமப் புத்தகத்துக்கு உரை எழுதியவர் யார் என்று பாருங்கள். இதற்கு ‘போஸ்ட் ரிஃபர்மேஷன் டிஜிட்டல் லைப்ரரி’ என்ற இணையதளம் செர்லைவிட மேல். நூல் வாரியாக ஸ்கேன் இணைப்பே தருகிறது. கடைசியில் அந்த ஸ்கேனில் அதே வசனத்தைத் திறந்து கருத்து அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் பெயரை எழுதிவிடாதீர்கள்.

‘வெட்.’ என்ற சுருக்கம் நல்ல உதாரணம். புதிய ஏற்பாட்டு உரையில் வந்தால் பெரும்பாலும் யோஹான் யாக்கோப் வெட்ஸ்டைன் (1693–1754). டெலிச்சின் யோபு உரையில் வருகிறவர் டமாஸ்கஸில் பிரஷ்யக் கான்சலாக இருந்த யோஹான் காட்ஃப்ரீட் வெட்ஸ்டைன் (1815–1905). ரோமன் எழுத்தில் இருவர் பெயருக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் அதுவும் இல்லை. பின்னவர் செர்லின் கால எல்லையின் ஓரத்தில் இருப்பவர். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியருக்கு ‘டாய்ச்ச பயோகிராஃபி’ தளமே நல்லது.

ரபிமார் (யூத மத போதகர்கள்) விஷயத்திலும் கவனம் வேண்டும். கில் அடிக்கடி சொல்லும் ‘யார்க்கி’ வேறு யாருமல்ல, யூத உரையாசிரியர் ராஷி (1040–1105). பழைய கிறிஸ்தவ எபிரெயப் பண்டிதர்கள் தவறாக வைத்த பெயர். ‘டி. ஹிரோஸ்.’ என்பது ஆளே அல்ல, எருசலேம் தல்மூத் என்ற யூத மரபு நூல். அதை, லத்தீனில் ‘ஹிரோனிமுஸ்’ எனப்படும் சபைப் பிதா ஜெரோம் என்று வாசித்துவிட்டு எந்தத் தளத்தில் தேடினாலும் தப்பான ஆள்தான் கிடைப்பார்.

‘மிக்.’தான் கடினம், மூவரும் ஒரே குடும்பம். 1720இல் ஜெர்மனியின் ஹாலேயில் எபிரெய வேதாகமம் பதிப்பித்தவர் யோஹான் ஹைன்ரிஷ் மிகாயெலிஸ் (1668–1738). அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை கிறிஸ்டியான் பெனடிக்ட் (1680–1764). இவர் மகன் யோஹான் டாவிட் (1717–1791). முதல் இருவரும் பேராசிரியர்களாக இருந்த ஹாலேயில்தான், பிற்காலத்தில், 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரும் படித்தார். குறிப்பு பாடவேறுபாடு (பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது) பற்றியது என்றால் யோஹான் ஹைன்ரிஷிலிருந்து தொடங்குங்கள். மோசேயின் சட்டம், அரபு வழக்கம் என்றால் யோஹான் டாவிட். எழுதும்போது ‘மிகாயெலிஸ்’ என்று மொட்டையாக விடாமல் முழுப்பெயரும் ஆண்டும் போடுங்கள்.