நிலக்கடலைக்கு எந்த ரைசோபியம்? வேகமா வளர்றதா, மெதுவா வளர்றதா?

ரைசோபியம்னா பயறு வகை செடியோட வேர்ல முடிச்சு வச்சு, காத்துல இருக்கற தழைச்சத்த புடிச்சுக் குடுக்கற பாக்டீரியா. உரக்கடைல போய் ரைசோபியம் குடுங்கன்னா நெறைய எடத்துல கைக்கு வந்த பாக்கெட்ட எடுத்து நீட்டிடறாங்க, ஆனா அந்த ஒரே பேருக்குள்ள முக்கியமா ரெண்டு கூட்டம் இருக்கு, ரெண்டு குணமும் வேற.

பட்டாணி, மைசூர் பருப்பு, பீன்ஸ் வேர்ல இருக்கறது அசல் ரைசோபியம். லேப்ல பாக்டீரியா வளர்க்கற அகார் தட்டுல வச்சா 3-5 நாள்ல 2-4 மில்லிமீட்டருக்கு கொழகொழன்னு பரவிடும், அமிலம் விடும். நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு, தட்டப்பயறுக்கெல்லாம் பிராடிரைசோபியம், 1982ல தான் இத தனி பேரினமா பிரிச்சாங்க, பேர்லயே மெதுவானதுன்னு அர்த்தம் இருக்கு. ஒரு வாரம் ஆனாலும் 1 மில்லிமீட்டர தாண்டறது கஷ்டம், காரத்தன்மை பக்கம் போகும்.

இதப் பாத்துட்டு வேகமானது தான் ஒஸ்தின்னு நெனச்சுடாதீங்க. தட்டுல வளர்ற வேகத்துக்கும் வேர்ல தழைச்சத்து புடிக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. வேர் ஃபிளேவனாய்டுன்னு ஒரு பொருள கசிய விடும், அதுக்கு பாக்டீரியா பதிலா நாட் ஃபேக்டர்னு ஒண்ண அனுப்பும், அந்த ஜோடி பொருந்தினா தான் முடிச்சே வரும். பட்டாணி பாக்கெட்ட நிலக்கடலைக்கு போட்டா காசு மண்ணுக்கு தான். நிலக்கடலை இன்னும் விசேஷம், பட்டாணில வேர்த்தூவி வழியா உள்ள போற மாதிரி இதுல போகாது, பக்கவேர் வெடிச்சு வெளிய வர்ற இடுக்குல தான் நுழையும். முடிச்சு வடிவமும் வேற, பட்டாணில நீளமா இருக்கும், நிலக்கடலைல உருண்டையா இருக்கும், அத முடிவு பண்றது செடி தான். கொண்டைக்கடலைக்கு இந்த ரெண்டும் வேணாம், அதுக்கு மீசோரைசோபியம்.

என்னோட சாய்வ சொல்லிடறேன், நிலக்கடலை உளுந்துக்கு பிராடிரைசோபியம் தான், ஆனா வருஷக்கணக்கா நிலக்கடலை போட்ட காட்டுல அது மண்ணுலயே இருக்கும், பாக்கெட் போட்டும் பெரிய வித்தியாசம் தெரியாம போகலாம். புதுசா சோயா போடறவங்க மட்டும் கண்டிப்பா போடுங்க, சோயாவுக்கு பொருந்தற பிராடிரைசோபியம் அந்த மண்ணுல இல்லாம போக வாய்ப்பு அதிகம். சந்தேகம்னா 30-40 நாள் செடி ஒண்ண மண்ணோட தோண்டி எடுத்து முடிச்ச நகத்தால கீறி பாருங்க, உள்ள ரோஸ் கலரா இருந்தா தழைச்சத்து புடிக்கறதுக்கு தேவையான லெக்ஹீமோகுளோபின்ங்கற செவப்பு நிறமி இருக்கு, வேல நடக்குது. வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா நடக்கல.

யூரியாவ அள்ளிப் போட்டா ரெண்டு கூட்டமுமே சரியா முடிச்சு வைக்காது. பாக்கெட்ட வாங்கறப்ப பயிர் பேரும் காலாவதி தேதியும் பாத்துக்கோங்க, ஆறின அரிசிக்கஞ்சில கலந்து வெதைல பெரட்டி நெழல்ல ஒலத்தி 24 மணி நேரத்துக்குள்ள வெதைச்சுடுங்க.