ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி: தண்டையார்பேட்டையில் சில வருஷம் ஓட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060. கேமின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு இது, அதற்கென்றே 12 ஜிபி மெமரி. கூடவே ரைசன் 5 5600, 16 ஜிபி ரேம், 1080பி (1920-க்கு 1080 புள்ளி) மானிட்டர். கார்டு சந்தைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். அப்போது இந்தக் கார்டுகளை வைத்து கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் கூட்டம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்று விலை இறங்கிய பிறகுதான் மெட்ரோ ஏறி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன்.

"தம்பி, இந்தக் கார்டுக்கு 12 ஜிபி எல்லாம் வேஸ்ட்டுப்பா. இன்னும் கொஞ்சம் காசு போட்டு மேல இருக்கிற 8 ஜிபி எடு, எஃப்பிஎஸ் பிச்சிக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு. அவர் சொன்னது பொய் இல்லை. பெரம்பூரில் இருக்கும் என் மாமா பையன் ஒரு படி மேலான அந்த 8 ஜிபி கார்டைத்தான் எடுத்தான். அன்று இருந்த கேம்களில் என்னைவிட நன்றாகவே வேகமாக ஓடியது. இன்றும் பல கேம்களில் ஓடுகிறது.

இந்த 12 ஜிபி ஏதோ தாராள மனசில் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். மெமரி சிப் ஒவ்வொன்றுக்கும் தகவல் போய்வர 32 பிட் பாதை. 3060-க்கு மொத்தம் 192 பிட், ஆக ஆறு சிப். 1 ஜிபி சிப் போட்டால் 6, 2 ஜிபி சிப் போட்டால் 12. நடுவில் 8 வராது. 6 என்று விற்றால் அசிங்கம், அதனால் 12.

நிலைமை மாறியது 2023-ல். மார்ச்சில் பிசிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தது பெரிய பேச்சானது. அப்புறம் பேட்ச் மேல் பேட்ச் போட்டு ஓரளவு சரிசெய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த கனமான கேம்களில், மாமா பையன் வீட்டில் நானே உட்கார்ந்து பார்த்தது வேறு மாதிரி. மூலையில் எஃப்பிஎஸ் 70-க்கு மேல் காட்டுகிறது. எல்லாம் சரி என்றுதான் தோன்றும். தெருவில் ஓடி ஒரு சந்தில் திரும்பினால் மட்டும் படம் ஒரு நொடி கல்லாக நிற்கும். "இன்னா மச்சான், செவுத்துல ஒட்டின போஸ்டர்ல ஒரு எழுத்துகூட தெர்ல" என்றான். கிட்டே போய் நின்றோம். போஸ்டர் களிமண் மாதிரி குழைந்து கிடந்தது. சில நொடி கழித்து 'பட்'டென்று தெளிவானது. கேமை மூடித் திறந்தால் அரை மணி நேரம் ஒழுங்காக இருக்கும், மறுபடி அதே கதை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். கார்டின் சொந்த மெமரி நிரம்பி, 'ஷேர்டு ஜிபியு மெமரி' ஏறிக்கொண்டே போனது. இடம் போதாமல் சரக்கு சிஸ்டம் ரேமுக்குப் போகிறது என்று அர்த்தம். என் கார்டில் படம் வரையும் ஜிபியு சிப்புக்கும் அதன் மெமரிக்கும் நடுவே நொடிக்கு 360 ஜிபி ஓடும். ரேமிலிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாக வந்தால் அதன் 4.0-வில் சுமார் 32 ஜிபி, அவனுடைய பழைய போர்டில் இருக்கும் 3.0-வில் அதிலும் பாதி. அந்த வித்தியாசம்தான் சந்து திரும்பும்போது கண்ணில் படுகிறது. சராசரி எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் காட்டும் வீடியோக்களில் இது சிக்காது.

'1080பி தானே, 8 போதாதா' என்ற கேள்வி எப்போதும் வரும். 1080பி-யில் ஒரு முழுப் படமே 8 எம்பி அளவுதான். சுவர், தரை மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர் 4096-க்கு 4096 அளவில் ஒன்று, கம்ப்ரஸ் செய்த பிறகும் சுமார் 21 எம்பி. அப்படி நூற்றுக்கணக்கில் ஏற்ற வேண்டும். மானிட்டர் சின்னது என்பதால் இந்தச் சுமை பெரிதாகக் குறையாது. ஒளி போகும் வழியைக் கணக்கிடும் ரே ட்ரேசிங் போட்டால் இன்னும் ஏறும். வேகம் கூட்ட நடுவே கூடுதல் படங்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனும் தன் பங்குக்குக் கொஞ்சம் மெமரி தின்னும்.

அவன் செய்ததும் எளிய வேலைதான்: டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினான், பின்னால் ஓடிய க்ரோமை மூடினான். முக்கால்வாசிப் பிரச்சினை போய்விட்டது. ஆக 8 ஜிபி செத்துவிட்டது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. என் பக்கம் கணக்கு தலைகீழ். மெமரியில் இடம் இருந்தால் டெக்ஸ்சரைக் கூட்டுவதற்கு எஃப்பிஎஸ் கிட்டத்தட்டக் குறைவதே இல்லை. அதனால் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்துவிட்டு நிழல், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்கிறேன். பழைய கார்டில் புதுக் கேம் இன்னும் பார்க்கிற மாதிரி இருப்பது இதனால்தான்.

ஆனால் ஜிபியு சிப்புக்கே மூச்சு வாங்கினால் 12 ஜிபி ஒன்றும் செய்யாது. சைபர்பங்க் 2077-ல் ரே ட்ரேசிங்கின் கனமான வகையான பாத் ட்ரேசிங் போட்டுப் பார்த்தேன். மெமரியில் இடம் மிச்சம் இருந்தது, கேம் நகரவில்லை. இன்னொன்று, கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் மென்பொருள் காட்டும் மெமரி எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இடம் இருக்கிறதே என்று கேம் பிடித்துவைப்பதும் அதில் சேர்ந்துதான் வரும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இன்னொரு வித்தியாசம், கடல் காற்று. தண்டையார்பேட்டை கடலுக்குப் பக்கம். என் கார்டின் பின்பக்கத் தகடும் கேபினட் திருகுகளும் துருப்பிடித்துவிட்டன, அவனுடையது புதிதாகவே இருக்கிறது. மே மாதம் ஏசி இல்லாத அறையில் ஃபேன் கத்தும். வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கிவைத்ததில் அடங்கியது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு: வேலரண்ட், சிஎஸ் 2 மாதிரி லேசான கேம் மட்டும் ஆடுகிற தம்பிகள் 8 ஜிபிக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். கதை உள்ள பெரிய கேம்களை நாலைந்து வருஷம் ஆட வேண்டும் என்றால் 12-க்குக் கீழே நான் பார்க்கவே மாட்டேன். இன்டெல் ஆர்க் பி580-இல் 12 இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 16-லும் கிடைக்கின்றன, அதே பெயரில் 8-லும் கிடைக்கின்றன. செகண்ட் ஹேண்டில் 3060 தேடினாலும் இதே வம்பு உண்டு. 2022 அக்டோபரில் 8 ஜிபி 3060 ஒன்று வந்தது, அதன் பாதை 128 பிட்தான், வேகமும் குறைவு. பெட்டியில் கொட்டை எழுத்தில் 3060 என்றுதான் இருக்கும். எத்தனை ஜிபி என்பதைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.