குழந்தை பிறந்த பின் வேலையா, வீட்டுத் தொழிலா, தஸ்காவா (குழந்தைப் பராமரிப்பு மையமா)? பினாங்குப் பெற்றோருக்கான ஓர் ஒப்பீடு

மகப்பேறு விடுப்பு முடியும் தறுவாயில் பினாங்கின் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகிறது: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கோ ஜார்ஜ்டவுன் அலுவலகத்துக்கோ திரும்புவதா, வேலையை விட்டுச் சொந்தமாக ஏதேனும் தொடங்குவதா? பெரும்பாலும் மாத வருமானத்தை ஒப்பிட்டே விடை தேடுகிறோம். அதைவிடத் தெளிவான அளவுகோல் ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் அந்தத் தொழில் என்ன ஆகும், அன்றைய இழப்பு யார் தலையில் விழும் என்பதே அது.

இந்த அளவுகோலின்படி சம்பள வேலைக்கே முதலிடம். ஆண்டு விடுப்பில் ஒரு நாள் குறையுமே தவிர, மாதச் சம்பளம் குறையாது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோது மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததைப் பலரும் அறிவர். அதே திருத்தத்தில் வந்த 60பி (60P) பிரிவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வேலை நேரத்தையோ, வேலை நாள்களையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும், மறுத்தால் காரணத்தையும் குறிப்பிட வேண்டும். ஒப்புதல் கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆயினும், கேட்டுப் பார்க்காமலே ராஜினாமா கடிதம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலையை விடும்போது கண்ணுக்குத் தெரியாமல் போகும் தொகை ஊழியர் சேமநிதிதான். மாதம் 4,000 ரிங்கிட் சம்பளம் பெறுபவருக்கு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, அதாவது 520 ரிங்கிட் செலுத்துகிறார்; ஓராண்டில் அது 6,240 ரிங்கிட். சொந்தத் தொழில் செய்வோருக்கான ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கம் சேர்க்கும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் மட்டுமே. வீட்டுத் தொழிலில் கிடைக்கும் இலாபத்தைப் பழைய சம்பளத்தோடு ஒப்பிடுவோர் இந்த இடைவெளியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மறுபுறம், பெருநிலப் பகுதியிலுள்ள பிறையிலோ பட்டர்வொர்த்திலோ குடியிருந்துகொண்டு தினமும் பாலத்தைக் கடந்து தீவில் 12 மணி நேர ஷிப்டுக்குச் செல்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் ஆறுதல் தராது. காலையில் குழந்தை விழிக்கும் முன் கிளம்பி, அது உறங்கிய பின் வீடு திரும்பும் நிலை இருந்தால், தீவுக்குப் போகாமல் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலேயே வேறு வேலை தேடுவது முதல் மாற்றாக இருக்கட்டும்.

அடுத்தது வீட்டிலிருந்தே செய்யும் உணவு வியாபாரம். முறுக்கு, நெய் உருண்டை, கேக், மதியச் சாப்பாடு என்று நம்மவர் பெரும்பாலும் இதைத்தான் முதலில் நினைக்கிறார்கள். தொடங்குவது எளிது: எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் செய்யும் வணிகப் பதிவுக்குச் சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட், உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும், உரிமம் குறித்து நகராண்மைக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. குழந்தை வீட்டில் இருக்கிறது என்பதாலேயே அதைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று பொருளாகாது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி இருக்கும் அடுப்படியில் தவழும் குழந்தையை வைத்திருக்க முடியாது. ஆகவே பாட்டியோ அத்தையோ உடனில்லாத வீட்டில் வேலை முழுவதும் இரவுக்குத் தள்ளப்படும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் காய்ச்சல் வந்தால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. சிறுதொழில்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனின் ஸ்பூமி கடனுதவி நம் சமூகத் தொழில்முனைவோருக்கென்றே இருப்பது நல்ல வாய்ப்புதான். எனினும், ஒரு தீபாவளிப் பருவத்தைக் கைக்காசில் நடத்திப் பார்த்து, உண்மையான இலாபம் எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகே கடனைப் பற்றி யோசிப்பது நல்லது.

மூன்றாவது வழியான நேரடி விற்பனையை நான் பரிந்துரைக்கவில்லை. நேரம் நம் கையில் என்பார்கள். ஆனால் வாடிக்கையாளரைச் சந்திக்கக்கூடிய மாலையும் வார இறுதியும்தான் குழந்தைக்கும் நாம் தேவைப்படும் பொழுது. அப்படியும் சேருவதென்றால், 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்கீழ் அந்நிறுவனம் உரிமம் பெற்றுள்ளதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டிலேயே தஸ்கா நடத்துவது நான்காவது வழி. நெடுங்கால நோக்கில் இதையே நான் மிகவும் மதிக்கிறேன். கட்டணம் மாதந்தோறும் வருகிறது. விற்காமல் தேங்கும் சரக்கு என்று எதுவுமில்லை. 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ள இம்மாநிலத்தில், பள்ளிக்குப் போகும் முன்பே தமிழ் கேட்டு வளரும் ஓர் இடம் குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் இதைச் சட்டப்படி செய்ய வேண்டும். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு குழந்தைகள் சேர்ந்துவிட்டாலே சமூகநலத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பத்துக்கும் குறைவாக இருந்தால் அது வீட்டுத் தஸ்கா. ஒரு வயதுக்குட்பட்ட மூவருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான ஐவருக்கு ஒருவர் என்பது விதி. பதிவு பெற்ற மையத்துக்குச் செலுத்தும் கட்டணத்துக்குப் பெற்றோர் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரி நிவாரணம் கோரலாம் என்பதால், பதிவு தொழிலுக்கும் நன்மையே செய்யும்.

அப்படியிருந்தும் காய்ச்சல் நாளில் மிகவும் தடுமாறுவது இந்தத் தொழில்தான். நம் குழந்தைக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் கண்டால் மற்றப் பெற்றோர் அனைவருக்கும் அன்று வேறு இடம் தேட வேண்டியிருக்கும். ஆகவே சொந்தக் குழந்தை மூன்று வயதைத் தாண்டிய பின், இன்னொரு பராமரிப்பாளரோடு சேர்ந்து இதைத் தொடங்குவதே சரி. அதுவரை வேலையில் நீடித்து, தஸ்காவுக்கான பயிற்சியை முடித்து வைக்கலாம்.

இத்தனை ஆலோசனையிலும் அப்பாவின் வேலை அசையாமல் இருக்க, அம்மாவின் வேலை மட்டுமே பேச்சுக்கு வருவது எனக்கு வருத்தமளிக்கிறது. தந்தையர்க்குச் சட்டம் தரும் விடுப்பு 7 நாள்தான். ஆயினும் 60பி பிரிவு ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. ஒருவர் காலையில் தாமதமாகத் தொடங்கவும், மற்றவர் மாலையில் சீக்கிரம் முடிக்கவும் இருவருமே விண்ணப்பிக்கலாம். இரண்டு பதில்களும் கைக்கு வந்த பிறகு, யார் வேலையை விடுவது, விடத்தான் வேண்டுமா என்று உட்கார்ந்து பேசலாம்.